பளிங்கும் கண்ணாடியும்

உயர்தர வகுப்பிலே பயிலும் மாணாக்கன் ஒருவன் காலையில் இரசாயன பாடத்திலே ஒன்று கற்கின்றான்: கண்ணாடி பளிங்கு அன்று. துணிக்கைகள் ஒழுங்குபட அடுக்கப்பெற்ற திண்மமே பளிங்கு. அவ்வொழுங்கு வாய்க்காதது கண்ணாடி. பரீட்சையில் இரண்டையும் மயங்கி எழுதினால் புள்ளி குறையும். அடுத்துத் தமிழ்ப் பாடம். அங்கே திருக்குறளுக்கு எழுந்த எளிய உரை ஒன்று, 'பளிங்கு என்றால் கண்ணாடி' என்று ஒரே சொல்லிற் பொருள் கூறிவிட்டு அப்பாற் செல்கின்றது. வீடு திரும்பினால், தென்னிந்தியாவிலிருந்து வந்த வார இதழிலே தாஜ்மகாலின் படம். அதன் கீழே 'பளிங்கு மாளிகை' என்று எழுதியிருக்கின்றது. அது வெள்ளைக் கல்லாற் கட்டியது. எதிரே நிற்பவரையும் காட்டாது, உள்ளே இருப்பவரையும் காட்டாது.

கண்ணாடி அன்று, கண்ணாடியேதான், வெள்ளைக் கல் என்று ஒரு பகற்பொழுதுக்குள்ளே மூன்று பொருள்களை அப்பிள்ளை ஒரு சொல்லுக்குக் கேட்டுவிட்டான். ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது மொழிக்குக் குறையன்று. ஆனால் பழைய நூலைப் படிக்கும்போது, அந்நூலாசிரியன் கருதிய பொருளை விட்டு வேறொன்றை வைத்துக்கொண்டால் உவமை சாய்ந்துவிடும். பளிங்கு என்னும் சொல்லுக்கு நேர்ந்திருப்பது இதுதான். ஆதலால் அச்சொல்லைச் சற்று நின்று பார்ப்பது வேண்டும்.

பத்துப்பாட்டிலே குறிஞ்சிப்பாட்டு ஒன்று. அதிலே கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கிச் சொன்ன இடத்தை எல்லாரும் அறிவர். அதற்குச் சற்று முன்பாக, மகளிர் மலைச்சுனையிலே குடைந்து நீராடுகின்றனர். அருவி விழுந்து நிறைந்த அச்சுனை நீர் எப்படியிருந்தது? பளிங்கைக் கரைத்துச் சொரிந்தாற் போல இருந்தது என்பது கபிலர் கருத்து. இங்கே பளிங்கின் குணம் தெளிவு. அடியிலே கிடக்கும் கல்லும் மணலும் மேலே தெரியும் தெளிவு.

அகநானூற்றின் ஐந்தாம் பாட்டு இன்னும் நுட்பமானது. பாலை பாடிய பெருங்கடுங்கோ நெல்லிக்காயைப் பளிங்குக்கு ஒப்பிடுகின்றார். அக்காய்கள் பாறைமேல் உதிர்ந்து கிடப்பது சிறுவர்கள் சேர்த்துவைத்த வட்டுக்காய்களை ஒத்திருக்கின்றதாம். நெல்லிக்காயை வெயிலிற் பிடித்துப் பார்த்தவர்களுக்கு இந்த உவமை விளங்கும். அது சுனைநீர் போல முற்றத் தெளிந்தது அன்று; அதனூடே மறுபுறம் தெரியாது. ஆயினும் ஒளி அதன் தோலோடு நின்றுவிடுவதில்லை. உள்ளே புகுகின்றது; சதையிலே தங்குகின்றது; உள்ளிருக்கும் வரிகளை மங்கலாகக் காட்டுகின்றது. மாங்காய்க்கும் மிளகாய்க்கும் மேல்மினுக்கம் உண்டு. ஆனால் அவற்றைப் பளிங்கு என்று சொல்லப் புலவருக்கு மனம் வராது. ஒளியை உள்ளே விடுவதே பளிங்கு. வட்டாடும் சிறுவரை அடுத்த அடியிலே கொண்டுவந்ததும் கவனிக்கத் தக்கது. நமது ஊர்ப் பிள்ளைகள் கையில் வைத்து உருட்டும் கண்ணாடிப் போளை நெல்லிக்காயளவே இருக்கும். பச்சை நிறப் போளையாயின் இரண்டையும் பக்கத்திலே வைத்துப் பார்த்தால் பெருங்கடுங்கோவின் கண் எத்தகையது என்று தெரியும்.

இந்தச் சொல்லை ஒரு கதையின் அச்சாணியாக்கிவிட்ட நூல் மணிமேகலை. அதன் ஒரு காதைக்கே 'பளிக்கறை புக்க காதை' என்று பெயர். உவவனம் என்னும் பூஞ்சோலையிலே பளிங்கினாற் சமைந்த மண்டபம் ஒன்றுண்டு. அதன் தன்மையைச் சாத்தனார் முன்னதாகவே நமக்குச் சொல்லி வைக்கின்றார்: உள்ளே இருப்பவரின் உருவம் வெளியே தெரியும், உள்ளே எழும் ஒலி வெளியே கேளாது. மலர்பறிக்க வந்த மணிமேகலையைத் தேடி அரசிளங்குமரன் உதயகுமரன் தேரேறி வருகின்றான். தோழியாகிய சுதமதி அவளைப் பளிக்கறையின் உள்ளே புகுத்தித் தாழிட்டு, ஐந்து வில்லளவு தள்ளி நிற்கின்றாள்.

ஒளிப்பதற்கு ஊடுதெரியும் அறையையா தேர்ந்தெடுப்பார்கள் என்று மாணாக்கர் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. சோலையிலே ஓடித் தப்ப இடமில்லாத வேளையிற் கிடைத்த அரண் அது ஒன்றே. அது காவியத்துக்கும் வேண்டியிருந்தது. உதயகுமரன் அவளைக் காணவேண்டும். ஆனால் அடையக் கூடாது. மண்சுவராயின் காட்சி இல்லை. திறந்த வெளியாயின் காவல் இல்லை. காட்சியை விட்டுக் கையைத் தடுக்கும் பொருள் உலகத்திலே ஒன்றுதான் உண்டு. அவன் பளிங்கினூடே அவளைக் கண்டபோது, ஓவியன் ஒருவன் உள்ளத்திலே நினைந்து தீட்டிய சித்திரம் என்று முதலில் வியக்கின்றான். பிறகே அது மணிமேகலை எனத் தெளிகின்றான். தெளிந்ததும், வாயில் எங்கே என்று அறியாதவனாய், அந்த ஒளி மண்டபத்தைக் கையினாலே தடவித் தடவிச் சுற்றி வருகின்றான். கண்ணுக்குச் சுவர் இல்லை. கைக்குச் சுவர் உண்டு. காமத்தின் நிலையையும் துறவின் நிலையையும் இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியுமா என்பது எனக்கு ஐயம். பளிக்கறை என்றதும் வெள்ளைக் கல் மண்டபம் ஒன்றை மனத்திலே கட்டிக்கொள்ளும் வாசகனுக்கு இவ்வளவும் போயிற்று. உதயகுமரன் எதைப் பார்த்தான், ஏன் தடவினான் என்பதே அவனுக்கு விளங்காது.

பாரதத்திலும் இதற்கு உறவான காட்சி ஒன்றுண்டு. மயன் சமைத்த மண்டபத்திலே துரியோதனன் படிகத் தரையை நீரென்று எண்ணி ஆடையை உயர்த்தினான். பின் நீரைத் தரையென்று எண்ணி விழுந்தான். அங்கே எழுந்த சிரிப்பின் விளைவு நாமறிந்ததே. பளிங்கும் நீரும் ஒன்றுபோலத் தோன்றும் என்ற நினைவு, கபிலரின் சுனையிலும் துரியோதனனின் தடுமாற்றத்திலும் ஒன்றாகவே நிற்கின்றது.

இனிக் குறளுக்கு வருவோம். பொருட்பாலிலே, அமைச்சன் அரசனது உள்ளக் கருத்தை முகத்தால் அறிந்துகொள்வதைப் பேசும் குறிப்பறிதல் என்னும் அதிகாரம்; அதிலே 706ஆம் குறள். உள்ளத்திலே மிகுந்தது எதுவோ அதை முகம் காட்டும். அது, தன்னை அடுத்த பொருளைக் காட்டும் பளிங்கு போல. இவ்வளவே கருத்து. பளிங்கு இங்கே கண்ணாடி என்று உரை சொல்பவர்கள் பெரும்பாலும் முகம் பார்க்கும் கண்ணாடியையே நினைக்கின்றார்கள். 'எதிரே உள்ளதைக் கண்ணாடி காட்டுவது போல' என்று விளக்கமும் தருகின்றார்கள்.

வள்ளுவர் 'எதிர்ந்தது' என்று சொல்லவில்லை; 'அடுத்தது' என்று சொன்னார். அடுத்தல் என்பது சேர்தல், பக்கத்திலே ஒட்டி இருத்தல். பரிமேலழகரும் தன்னையடுத்த பொருளின் நிறத்தைத் தான் கொண்டு காட்டுவது பளிங்கு என்ற முறையிலேதான் உரை செய்கின்றார். நிறமற்ற பளிங்கு ஒன்றின் பின்னே செவ்வரத்தம் பூவொன்றை ஒட்டி வைத்தாற் பளிங்கு சிவக்கும். பூவை எடுத்தாற் சிவப்பு நீங்கும். பளிங்கு தன்னிலையில் மாறவில்லை. அடுத்ததன் நிறத்தை வெளியே விட்டது, அவ்வளவே. முகமும் அப்படி. கோபம் முகத்திலே பிறப்பதன்று. முகத்துக்குப் பின்னே, அதனை அடுத்து இருக்கும் நெஞ்சிலே பிறந்தது. முகத்தினூடே அது வெளியே தெரிகின்றது.

இதே இடத்தில் முகக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். கண்ணாடி தனக்குப் பின்னே உள்ளதைக் காட்டாது. பின்னே இரசம் பூசியிருக்கின்றது. எதிரே நிற்பவனையே காட்டும். அரசனது முகம் கண்ணாடியானால், அமைச்சன் அதிலே காண்பது யாரை? தன்னைத்தான். அரசனது குறிப்பை அறிய வந்தவன் தன் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். வள்ளுவர் சொல்ல வந்ததற்கு இது நேர் எதிர். ஒரு சொல்லுக்கு அண்மையிலிருக்கும் மற்றொரு சொல்லை எளிமைக்காக வைத்ததனால் வந்த வினை இது. வகுப்பிலே இதை விளக்க ஆசிரியருக்கு அதிகம் வேண்டியதில்லை: நிறமற்ற கண்ணாடிக் குண்டு ஒன்று, செவ்வரத்தம் பூ ஒன்று, கைக்கண்ணாடி ஒன்று. மூன்றையும் மேசையில் வைத்தால் உரை தானே பிறக்கும்.

சைவ சித்தாந்தம் பயின்றவர்களுக்கு இந்தப் பூவும் பளிங்கும் புதியவை அல்ல. ஆன்மாவின் இயல்பு 'சார்ந்ததன் வண்ணமாதல்' என்பது சித்தாந்தத்தின் அடிப்படைகளுள் ஒன்று. மலத்தைச் சார்ந்தபோது மலத்தின் வண்ணம். சிவத்தைச் சார்ந்தபோது சிவத்தின் வண்ணம். மெய்கண்டார் சிவஞானபோதத்தின் எட்டாஞ் சூத்திரத்திலே பல நிறங்காட்டும் படிகத்தை உதாரணமாக எடுத்தார். சாங்கியரும் வேதாந்திகளும் செம்பரத்தம் பூவை அடுத்த ஸ்படிகத்தைப் பலகாலும் பேசுவர். அவரவர் முடிவு வேறு வேறு, கல் ஒன்றே. ஆன்மாவை முகக்கண்ணாடிக்கு ஒப்பிட்டால் இத்தத்துவங்களுள் எதுவும் நிற்காது. கண்ணாடி எதையும் சார்வதில்லை, திருப்பி அனுப்புகின்றது.

பளிங்கு, படிகம், ஸ்படிகம் என்று மூன்று சொற்கள் வந்துவிட்டன. மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதே மொழிநூலார் பலரது கருத்து. வடமொழியிலே ஸ்படிகம், பாளியிலே அது 'பளிக' என்றாயிற்று, பிராகிருதங்களிலும் அதற்கு நெருங்கிய வடிவங்கள் உண்டு. அவ்வழியாக முன்னமே தமிழுக்கு வந்தது பளிங்கு. பின்னர் வடமொழியிலிருந்தே நேராக வந்து, தமிழ் ஒலிக்கு ஏற்ப முதலெழுத்தை உதிர்த்துக்கொண்டது படிகம். உதிர்க்காமல் அப்படியே நிற்பது ஸ்படிகம்; அது செபமாலையோடும் இலிங்கத்தோடும் நின்றுவிட்டது. ஒரே விருந்தாளி மூன்று வேறு காலங்களில் மூன்று வேறு உடையில் வந்து, மூன்று அறைகளிலே தங்கிவிட்ட கதை இது.

முதலில் வந்த பளிங்கு விருந்தாளியாகவும் இருக்கவில்லை, வீட்டுக்காரனாகிவிட்டது. அதற்குச் சான்று பளிக்கறை என்னும் தொடரே. இரும்பு என்பது இருப்புப்பாதை என்றும், மருந்து என்பது மருத்துப்பை என்றும், குரங்கு என்பது குரக்குக்கடி என்றும் மெல்லெழுத்து வல்லெழுத்தாய்த் திரிந்து நிற்கும் என்று நன்னூல் விதிக்கின்றது. பளிங்கும் அவ்விதிக்கு அமைந்து பளிக்கு ஆயிற்று. வந்த சொல் என்பதை மறந்து, இரும்போடும் மருந்தோடும் ஒரே பந்தியிலே உட்கார்ந்துகொண்டது.

பளபள, பளிச்சு, பளீர் என்னும் ஒளிக்குறிப்புகளோடு சேர்த்து அதனைத் தூய தமிழ்ச்சொல் என்று கொள்வாரும் உளர். பாளி வடிவத்தையும் பொருளொற்றுமையையும் நோக்கும்போது அக்கருத்தை ஏற்பது எனக்குக் கடினமாக இருக்கின்றது. ஆனால் அதிலே வேறொரு உண்மை இருக்கின்றது. சொல் எங்கிருந்து வந்தாலும், காதிலே விழும்போது தமிழன் அதனைப் பளபளப்போடு சேர்த்தே கேட்டான். அக்கேள்வி பொருளையும் மெல்ல இழுத்துக்கொண்டு போயிற்று. ஊடுதெரிதலைக் குறித்த சொல், மேற்புற மினுக்கத்தைக் குறிக்கலாயிற்று. தேய்த்து மெருகிட்ட வெள்ளைக் கல்லுக்கு ஊடுதெரியும் குணம் இல்லை. பளபளப்பு நிறைய உண்டு. அதற்குப் பளிங்கு என்ற பெயர் ஒட்டிக்கொண்டதன் காரணம் இதுவென்றே எண்ணுகின்றேன்.

அந்தப் பெயர் ஒட்டியது மிகப் பழைய காலத்தில் அன்று. சான்று எதிர்பாராத இடத்திலே கிடைக்கின்றது. கிறித்தவ ஆலயங்களிலே இன்றும் வாசிக்கப்படும் பழைய தமிழ் விவிலியம் 19ஆம் நூற்றாண்டிலே செப்பஞ் செய்யப்பட்டது. சாலொமோனின் பாட்டாகிய உன்னதப்பாட்டிலே தலைவனின் கால்களை மாபிள் தூண்களுக்கு ஒப்பிடும் இடத்தில், மொழிபெயர்த்தவர்கள் பளிங்கு என்று எழுதவில்லை. வெள்ளைக்கல் என்றே எழுதினார்கள். வெளிப்படுத்தின விசேஷத்திலே வணிகப் பொருள்களை அடுக்கும் இடத்திலும் அதுவே. பளிங்கு என்ற சொல்லை அவர்கள் வேறோரிடத்துக்கு வைத்திருந்தார்கள். பரலோகத்துச் சிங்காசனத்தின் முன்னே தோன்றும் கடலைச் சொல்லும்போது, கடலைக் கண்ணாடி என்றும், அதன் தெளிவைப் பளிங்குக்கு ஒப்பென்றும், இரண்டு சொல்லையும் அருகருகே வைத்து வேறுபாடு தோன்ற எழுதினார்கள். கண்ணாடி பொருளின் பெயர். பளிங்கு தோற்றத்தின் அளவுகோல்.

அவ்விடத்துக் கிரேக்க மூலமும் இரண்டு சொற்களை உடையது. கண்ணாடிபோன்ற என்பதற்கு 'ஹயலோஸ்' என்ற சொல்லின் வழிவந்த ஒன்று. பளிங்கு என்பதற்குக் 'கிருஸ்தல்லோஸ்'. ஹயலோஸ் கண்ணாடிக்கு வழங்குமுன் தெளிந்த கல்லையும் குறித்தது. எதியோப்பியர் தம் இறந்தோரை ஊடுதெரியும் கல்லிலே வைத்தனர் என்று எரொடோத்தசு எழுதும்போது அச்சொல்லையே ஆள்கின்றார். கிருஸ்தல்லோஸ் என்பதற்கோ முதற்பொருள் பனிக்கட்டி. மிகக் கடுங்குளிரில் உறைந்து மீண்டும் உருகாதுபோன பனிக்கட்டியே பளிங்கு என்று உரோமை அறிஞர் பிளினி நம்பினார். கபிலர் பளிங்கை நீராக்கினார். பிளினி நீரைப் பளிங்காக்கினார். ஹயலோஸ் என்ற பழஞ்சொல் இன்றும் சாகவில்லை. நமது மூட்டுகளிலே எலும்பின் முனையைப் போர்த்திருக்கும் கசியிழையம் கண்ணாடிபோல ஒளிர்வதால், மருத்துவர் அதனை 'ஹயலின்' என்ற அடைமொழியோடு வழங்குகின்றனர்.

நம் கண்ணாடியின் வரலாறு வேறு வகையானது. பழந்தமிழிலே முகம் பார்க்கும் பொருளுக்கு 'ஆடி' என்று பெயர். அது உலோகத்தாலானது, வெண்கலத்தைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது. ஆண்டாள் திருப்பாவையிலே இதனைத் தட்டொளி என்ற அழகிய பெயரால் கேட்கின்றாள். கேரளத்து ஆறன்முளையிலே இன்றும் அவ்வகை உலோக ஆடிகளை வார்த்து மெருகிடுகின்றார்கள். கண் என்பதோடு ஆடி சேர்ந்து கண்ணாடி ஆயிற்று. எனவே கண்ணாடி என்னும் சொல் பிறப்பிலேயே எதிரொளியைச் சேர்ந்தது. மணலையும் சோடாவையும் சுண்ணாம்பையும் உருக்கிச் செய்த பொருளால் முகக்கண்ணாடி செய்யும் வழக்கம் பரவிய பின்னரே அப்பெயர் பொருளுக்கும் ஏறியது, பிறகு யன்னலுக்கு ஏறியது, மூக்கின்மேலும் ஏறியது. தஞ்சைக்கு அருகிலுள்ள வல்லத்திலே கிடைக்கும் பளிங்குக் கற்களைத் தேய்த்து மூக்குக்கண்ணாடி செய்யும் தொழில் முன்பு பெயர்பெற்றிருந்தது. கண்ணாடியால் ஆகாத கண்ணாடி அது. பொருள் பளிங்கு, பெயர் மட்டும் கண்ணாடி.

பழந்தமிழர் கண்ணாடிப் பொருளை அறியாதவர்களும் அல்லர். அரிக்கமேட்டிலும், நமது மன்னார்க் கரையிலுள்ள மாதோட்டத்திலும் நடந்த அகழாய்வுகளிலே கண்ணாடி மணிகள் கிடைத்திருக்கின்றன. கொங்குநாட்டுக் கொடுமணலிலே பளிங்கையும் சூதுபவளத்தையும் அறுத்து மணியாக்கிய தொழிலின் எச்சங்கள் கிடைத்தன. இரண்டையும் கண்டவர்கள் அவர்கள். தெளிவுக்கு உவமை தேடியபோது அவர்களுடைய புலவர்கள் பளிங்கையே எடுத்தார்கள். அக்காலத்து மணிகளிற் பல நிறமூட்டப்பட்டு ஒளிபுகாதவையாய் இருந்ததை நோக்கின் அது வியப்பன்று.

ஐரோப்பாவிலும் கண்ணாடி நெடுங்காலம் பளிங்கைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்தது. 15ஆம் நூற்றாண்டிலே வெனிசு நகரத்து மூரானோத் தீவின் வினைஞர்கள் நிறமற்ற கண்ணாடி ஒன்றை ஆக்கியபோது, அதற்குப் பளிங்கின் பெயரையே சூட்டினார்கள். 1670களிலே இங்கிலாந்தில் ரேவன்ஸ்குரொப்ட் என்பவர் ஈயங் கலந்து செய்த கண்ணாடிக்கும் அப்பெயரே வாய்த்தது. இன்றும் விருந்து மேசையிலே 'கிறிஸ்டல்' என்று விலைகூடி நிற்கும் கிண்ணங்கள் விஞ்ஞானியின் கணக்கிலே பளிங்கு அல்ல.

விஞ்ஞானி அப்படிக் கணக்கிடத் தொடங்கியது அண்மைக் காலத்திலேதான். 1912இலே லாவே என்னும் யேர்மானிய அறிஞரின் ஆலோசனைப்படி எக்ஸ்-கதிர்களைப் பளிங்கினூடே செலுத்தியபோது, மறுபுறத்திலே ஒழுங்கான புள்ளிக்கோலம் விழுந்தது. அடுத்த ஆண்டிலே பிராக் என்னும் தந்தையும் மகனும் அக்கோலத்திலிருந்து அணுக்களின் அடுக்கைக் கணித்தார்கள். கண்ணாடியில் அத்தகைய கூர்மையான புள்ளிகள் தோன்றுவதில்லை. 1932இலே சக்கரியாசன் என்பார், கண்ணாடியிலும் அணுக்கள் அண்டை அயலோடு ஒழுங்காகவே பிணைந்திருக்கின்றன, ஆனால் அவ்வொழுங்கு நீளத் தொடர்வதில்லை என்று விளக்கினார். சிலிக்கனீரொட்சைட்டு என்ற ஒரே சேர்வை, அடுக்கு அமைந்தால் பளிங்கு. உருகிப்போய் அடுக்கு அமையுமுன் இறுகிவிட்டால் கண்ணாடி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. வெள்ளைக் கல்லோ, கல்சியங் காபனேற்றின் எண்ணற்ற சிறு பளிங்குகள் நெருங்கிச் சேர்ந்தது. ஒவ்வொரு சிறுமணியின் எல்லையிலும் ஒளி சிதறுவதாலே வெண்மை பிறக்கின்றது, ஊடுதெரிதல் கெடுகின்றது. ஆகவே தாஜ்மகாலைப் பளிங்கு என்றவர்கள், தாம் அறியாமலே, இரசாயனவியலாரின் பொருளிற் பிழையின்றிச் சொல்லிவிட்டார்கள். மணிமேகலையின் பொருளிலேதான் பிழைத்தார்கள்.

இலங்கையிலே விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிக்கத் தொடங்கிய காலத்திற் கலைச்சொல் வகுத்தவர்கள் 'பளிங்கு', 'பளிங்காக்கம்', 'பளிங்குரு' என்று எழுதினார்கள். தமிழ்நாட்டார் 'படிகம்', 'படிகமாக்கல்' என்று எழுதினார்கள். இதனால் அக்கரைப் புத்தகத்தைப் படிக்கும் இக்கரை மாணாக்கன் சிறிது தடுமாறுகின்றான் என்பது உண்மை. எது சிறந்தது என்று கேட்டால், அவர்களுக்குப் படிகமே வசதி. ஏனெனில் அங்கே பளிங்கு வெள்ளைக் கல்லுக்குப் போய்விட்டது. நமக்குச் சலவைக்கல் என்ற சொல் இருக்கின்றது. மாபிள் என்ற பேச்சு வழக்கும் இருக்கின்றது. ஆகவே பளிங்கு கைக்கு ஒழிந்திருந்தது. பழைய சொல்லொன்றை வகுப்பறையிலே உயிரோடு வைத்திருக்கின்றோம் என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. 'பளிங்கு என்றால் அடுக்கு ஒழுங்கு' என்று பழகிய பிள்ளைக்கு உப்பும் பளிங்கு, சீனியும் பளிங்கு, துருசும் பளிங்கு. அவன் குறளுக்கு வரும்போது, அங்கே பேசப்படுவது அடுக்கு அன்று, தெளிவு என்று யாராவது சொல்லவேண்டும். அதைத் தமிழாசிரியர் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

கண்ணின் உள்ளே வில்லைக்குப் பின்னால் நிறைந்திருக்கும் தெளிந்த கூழ்ப்பொருளுக்குப் பாடநூலிலே 'கண்ணாடியுடனீர்' என்று பெயர். இலத்தீனிலே கண்ணாடியைக் குறிக்கும் 'விற்றம்' என்ற சொல்லிலிருந்து வந்ததனை நேரே பெயர்த்தது அது. பெயர்ப்பிற் குற்றமில்லை. ஆயினும் கண்ணாடி என்றவுடன் எதிரொளி நினைவுக்கு வரும் நம் மொழியிலே, ஒளியை உள்ளே விடுவதையே தொழிலாகக் கொண்ட பொருளுக்குப் பளிங்கின் பெயர் இன்னும் நன்றாகப் பொருந்தியிருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இலக்கிய மொழிபெயர்ப்பாளருக்கு வேறு தொல்லை. ஆங்கிலக் கதைகளிலே சாகக் கிடப்பவனுடைய கண்ணையும் குடிவெறியிலிருப்பவனுடைய கண்ணையும் 'கண்ணாடி போன்ற கண்' என்று எழுதுவார்கள். அங்கே கருத்து, உணர்வு அற்று, பார்வை எங்கும் பதியாது, வெறிதே மினுங்கும் நிலை. இதனைப் 'பளிங்கு விழி' என்று பெயர்த்தால் தமிழ் வாசகன் தலைவியைப் புகழ்கின்றார்கள் என்று எண்ணிக்கொள்வான். 'கண்ணாடி விழி' என்றால் மூக்குக்கண்ணாடியைத் தேடுவான். 'நிலைகுத்திய பார்வை' என்றோ 'ஒளியிழந்த கண்' என்றோ எழுதுவதே தமிழ். ஆனால் காற்றடங்கிய நாளிலே அசைவற்றுக் கிடக்கும் கடலை அதே ஆங்கிலச் சொல்லால் வருணித்திருந்தால், அங்கே நின்று யோசிக்க வேண்டும். ஆசிரியன் கண்டது கரையிலுள்ள பனைகள் தலைகீழாய்த் தெரிவதையா, நீரடியிலுள்ள பாசி தெரிவதையா? முன்னதாயின் கண்ணாடிக் கடல்; பின்னதாயின் பளிங்குக் கடல். ஆங்கிலத்தில் ஒரு சொல் இரண்டுக்கும் போதும். தமிழிலே போதாது.

கனிப்பொருள்களை இனம்பிரிக்கும் நூல்களிலே ஒவ்வொரு கல்லுக்கும் அதன் மினுக்கத்தைக் குறித்துவைப்பார்கள்: உலோக மினுக்கம், முத்து மினுக்கம், பட்டு மினுக்கம் என்று. அவ்வட்டவணையிலே பழைய பளிங்குக் கல்லின் பெயரை எடுத்துப் பார்த்தால், அதற்கு நேரே எழுதியிருப்பது கண்ணாடி மினுக்கம். மூரானோத் தீவிலே கண்ணாடியைப் பளிங்குபோல் இருக்கின்றது என்று புகழ்ந்தார்கள். இப்போது பளிங்குதான் கண்ணாடிபோல் இருக்கின்றதாம்.